கேமரா பார்த்தது, பாட்டு நிற்கவில்லை: திறந்தவெளி இசை விழாக்களில் கண்காணிப்பு எப்படி நடக்கிறது?

2021 நவம்பர் 5 இரவு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட்டின் ஆஸ்ட்ரோவேர்ல்டு இசை விழா. சுமார் 50 ஆயிரம் பேர் திரண்டிருந்தார்கள். இரவு 9 மணி வாக்கில், நேரலைக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஒப்பந்த ஊழியர், மேடையின் ஒரு பக்கம் மக்கள் நசுங்குகிறார்கள் என்று பாதுகாப்புப் பொறுப்பாளருக்குச் செல்போனில் தகவல் அனுப்பினார். யாராவது உயிரிழக்கக்கூடும் என்றும், நிகழ்ச்சியைத் தொடர தான் ஆலோசனை சொல்லவில்லை என்பது பதிவாக வேண்டும் என்றும் எழுதினார். ஹூஸ்டன் காவல்துறை 2023-ல் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் இது இருக்கிறது.

பாட்டு 10 மணியைத் தாண்டியும் நடந்தது. இறந்தவர்கள் 10 பேர். மிகச் சிறியவனுக்கு வயது 9.

கேமரா இருந்தது. பார்க்க ஆள் இருந்தார். பார்த்ததைச் சொல்லவும் செய்தார். அப்புறம் எங்கே தப்பு நடந்தது?

நின்றபடியே மூச்சு நிற்கும்

இப்படிப்பட்ட சாவுகளை 'மிதிபட்டு' என்று எழுதுவது வழக்கம். பெரும்பாலும் அது சரியில்லை. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நின்றால் நகர இடமிருக்கும். ஆறு, ஏழு பேர் ஆகிவிட்டால் யாரும் தன் இஷ்டத்துக்கு அசைய முடியாது. கூட்டமே தண்ணீர் மாதிரி அலையடிக்கத் தொடங்கும். நெஞ்சு விரிய இடமில்லாததால் மூச்சு நின்றுபோகிறது. பலர் கீழே விழாமல் நின்றபடியே மயங்குகிறார்கள்.

உள்ளே நிற்பவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. பின்வரிசைக்காரருக்கோ முன்னால் நடப்பது தெரியாது, அவர் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருப்பார். மேடையில் இருப்பவரின் கண்ணை விளக்கு வெளிச்சம் கூசவைக்கும். மொத்தத்தையும் பார்ப்பது உயரத்தில் இருக்கும் கேமரா மட்டும்தான்.

என்னதான் பார்க்கிறது?

தலைகளை எண்ணி, எந்தப் பகுதியில் எவ்வளவு அடர்த்தி என்பதை நிறங்களாகக் காட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன. கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே நகராமல் தேங்குகிறது, எங்கே அலை கிளம்புகிறது என்பதையும் சொல்கின்றன. ஆனால் இருட்டு, புகை, மின்னும் விளக்குகள் எல்லாம் கணக்கைக் குழப்பும். தாழ்வாக வைத்த கேமராவில் ஒரு தலை இன்னொன்றை மறைத்துவிடும்.

அதனால் அனுபவமுள்ள கண் இன்னும் தேவைப்படுகிறது. தடுப்புக்கு மேலாக ஒருவர் பின் ஒருவராகத் தூக்கி எடுக்கப்படுகிறார்களா, முகத்தில் உற்சாகமா பீதியா, இதையெல்லாம் பழகியவர்தான் பிரித்துப் பார்ப்பார். பல திரைகளை மணிக்கணக்கில் ஒரே ஆளைப் பார்க்கச் சொன்னால் அவர் கண்ணும் சோர்ந்துபோகும்.

முகத்தையும் பதிவு செய்யுமா?

இது வேறு சண்டை. பிரிட்டனில் 2015 டவுன்லோட் ராக் விழாவில், வந்தவர்களின் முகங்களைக் காவல்துறை ஸ்கேன் செய்தது பெரிய சர்ச்சையானது. ஒலிம்பிக்கை முன்னிட்டு பிரான்ஸ் 2023-ல் கொண்டுவந்த சட்டம், கூட்ட அடர்த்தியையும் கைவிடப்பட்ட பொருட்களையும் கணினி கவனிக்க அனுமதித்தது, முகத்தை அடையாளம் காண்பதைத் தடுத்தது. நெரிசலைக் கண்டுபிடிக்க யார் முகமும் தேவையில்லை என்பதால் இது நியாயமான கோடுதான்.

யார் நிறுத்துவது?

ஹூஸ்டன் விழாவின் திட்ட ஆவணப்படி, நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் இரண்டே பொறுப்பாளர்களிடம் இருந்தது. இரவு 9.38-க்கே அதிகாரிகள் இதைப் பெருந்திரள் பாதிப்புச் சம்பவமாக அறிவித்துவிட்டார்கள். அதன் பிறகும் அரை மணி நேரம் இசை ஒலித்தது. ஒரு பெண் படப்பிடிப்பு மேடையில் ஏறி, நிறுத்தச் சொல்லிக் கத்திய காணொலி உலகெங்கும் பரவியது. கிராண்ட் ஜூரி 2023-ல் யார் மீதும் குற்றம் சாட்டவில்லை.

ஜெர்மனியின் டியூஸ்பர்க் நகரில் 2010 லவ் பரேடு விழாவில் 21 பேர் இறந்தபோதும் கேமராக்கள் இருந்தன. என்ன நடந்தது என்று பிறகு கோத்துப் பார்க்க அந்தப் பதிவுகள் உதவின. வழக்கு 2020-ல் தீர்ப்பே இல்லாமல் முடிந்தது.

சென்னைக்கும் இது தூரத்து விஷயமில்லை. 2023 செப்டம்பரில் பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சியில் டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் தவித்தார்கள். வாசலில் எண்ணாமல் உள்ளே விட்டுவிட்டு, பிறகு கேமராவில் எண்ணி என்ன பயன்?

ஆஸ்ட்ரோவேர்ல்டுக்குப் பிறகு டெக்சாஸ் மாநிலம் அமைத்த குழு, எந்தக் கட்டத்தில் நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொன்னது. திரை பார்ப்பவர், போலீஸ், மருத்துவக் குழு, ஒலி, விளக்குப் பொறுப்பாளர்கள் என எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சட்டென மின்சாரத்தை வெட்டினால் பதற்றம் கூடும். முதலில் மைதான விளக்கைப் போட்டு, இசையைக் குறைத்து, பாடகரையே பேசச் சொல்வதுதான் நல்ல முறை. அவர் சொன்னால் கூட்டம் கேட்கும்.