பிக் பேண்ட் ஜாஸில் தாளப் பிரிவு

தாளப் பிரிவு அல்லது ரிதம் செக்‌ஷன் என்பது ஒரு ஜாஸ் இசைக்குழுவில் தாளத்தையும் சுரக்கூட்டுகளின் வரிசையையும் தாங்கி நிற்கும் கருவிகளின் தொகுதியாகும். பிக் பேண்ட் எனப்படும் பெரிய ஜாஸ் குழுவில் பியானோ, கிதார், டபுள் பேஸ், டிரம்ஸ் ஆகிய நான்கும் பொதுவாக இதில் அடங்கும். மற்றவர்கள் ஊதுகருவிக் கலைஞர்கள். இன்று வழக்கிலுள்ள அமைப்பில் ஐந்து சாக்சபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன் என 13 பேர் ஊதுகிறார்கள். 13 பேரும் ஒரே மூச்சாக ஒலிக்க வேண்டுமானால் அவர்களுக்குக் கீழே இருக்கும் நால்வர் ஒரே கருவிபோல் இயங்க வேண்டும். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதற்கு முதன்மை எடுத்துக்காட்டாக 1937 முதல் கவுண்ட் பேஸி இசைக்குழுவில் இணைந்து இசைத்த நால்வரைக் கொள்ளலாம்.

தோற்றம்

1920களின் ஜாஸ் குழுக்களில் அடித்தளச் சுரங்களை டியூபா என்னும் பெரிய பித்தளை ஊதுகருவி வாசித்தது. சுரக்கூட்டுகளை பாஞ்சோ வாசித்தது. இரண்டுமே உரத்த ஓசை உடையவை. ஒலிவாங்கி இல்லாத நடனக் கூடங்களிலும், கூம்புக் குழாய் வழியே ஒலியைப் பிடித்த பழைய பதிவு முறையிலும் அவை நன்றாகக் கேட்டன. ஆனால் டியூபா வாசிப்பவர் மூச்சு வாங்க வேண்டும். ஆகவே நான்கு அடிகள் கொண்ட தாள அளவில் முதலாம், மூன்றாம் அடிகளை மட்டும் ஊதுவது வழக்கமாக இருந்தது.

1925 முதல் மின்முறை ஒலிப்பதிவு பரவியது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் டியூபாவின் இடத்தை டபுள் பேஸும், பாஞ்சோவின் இடத்தை கிதாரும் பிடித்தன. விரலால் மீட்டும் பேஸுக்கு மூச்சுத் தடை இல்லை. நான்கு அடிகளிலும் சுரம் கொடுக்க முடியும். இதனால் இசையின் நடையே மாறியது. குதித்துக் குதித்துச் சென்ற தாளம் உருண்டோடத் தொடங்கியது. 'ஸ்விங்' எனப்படும் காலகட்டத்தின் அடிப்படை இதுதான்.

ஸ்விங் நடை

ஒவ்வோர் அடியையும் இரண்டு சமப் பங்காகப் பிரித்தால் கிடைப்பது நேரான நடை. ஸ்விங் நடையில் முதற்பங்கு நீண்டும் இரண்டாவது குறுகியும் இருக்கும். திஸ்ர நடை அறிந்தவர்கள் இதை எளிதில் உணரலாம். த-கி-ட என்று சம இடைவெளியில் சொல்லிக்கொண்டே நடுவிலுள்ள 'கி'யை மட்டும் வாய்க்குள் விழுங்கிவிட்டால் ஏறத்தாழ அந்த நடை வந்துவிடும்.

'ஏறத்தாழ' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மெதுவான பாட்டில் இந்த ஏற்றத்தாழ்வு மிகுதி. வேகம் கூடக்கூட இரு பங்குகளும் சமத்தை நெருங்கும். இசைத் தாளில் இதைத் துல்லியமாக எழுதுவதில்லை. சமமான சுரங்களாக எழுதிவிட்டு 'ஸ்விங்' என்று மேலே குறிப்பிடுவதே வழக்கம். எனவே எவ்வளவு நீட்டுவது, எவ்வளவு குறுக்குவது என்பதை நால்வரும் காதால் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் வாசித்தால், எழுதப்பட்ட சுரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் இசை நொண்டும்.

நான்கு கருவிகளின் பணி

டபுள் பேஸ்: ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுரம் என்பது அடிப்படை. அந்தந்த இடத்திலுள்ள சுரக்கூட்டின் சுரங்களையும், அடுத்த சுரக்கூட்டுக்குப் படிபோல் இட்டுச்செல்லும் இடைச் சுரங்களையும் கோத்து வாசிக்கிறார் பேஸ் கலைஞர். மேலும் கீழுமாக நடந்து செல்வதுபோல் இருப்பதால் இதற்கு 'வாக்கிங் பேஸ்' என்று பெயர். தாளத்துக்கும் இசைக்கும் இடையே உள்ள பாலம் இது. அடி எங்கே விழுகிறது, பாட்டில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற இரண்டையும் ஒரே சுரத்தால் சொல்லிவிடுகிறது.

கிதார்: இங்கே கிதாரில் தனி வாசிப்பு அரிது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு மீட்டு, ஒரு தாள அளவுக்கு நான்கு. மீட்டிய உடனே இடக்கை விரல்களின் அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை நறுக்கிவிட வேண்டும். நிமிடத்துக்கு 180 அடி வேகத்தில் மூன்று நிமிடப் பாட்டு என்றால் 540 மீட்டுகள். அவை அனைத்தும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. கேட்பவருக்குச் சலிப்பான வேலையாகத் தோன்றலாம். செய்து பார்த்தவருக்கு அதன் கடினம் தெரியும்.

டிரம்ஸ்: சிம்பல் எனப்படும் உலோகத் தட்டில் ஸ்விங் நடை தொடர்ந்து ஒலிக்கும். காலால் இயக்கும் இரட்டைத் தட்டான ஹை-ஹாட், இரண்டாம், நான்காம் அடிகளில் மூடி 'சிக்' என்று ஒலிக்கும். பெரிய பேஸ் டிரம்மை நான்கு அடிகளிலும் மிக மென்மையாகத் தொடுவது மரபு. இறகால் தொடுவதுபோல் என்ற பொருளில் இதை 'ஃபெதரிங்' என்பார்கள். அது காதில் தனியாகக் கேட்கக் கூடாது. பேஸின் சுரத்துக்கு அடியில் ஒரு கனம் சேர்ந்ததுபோல் மட்டும் உணரப்பட வேண்டும்.

பியானோ: நால்வரில் இவருக்கு மட்டுமே தொடர்ந்து வாசிக்கும் கடமை இல்லை. ஊதுகருவிகள் விடும் இடைவெளிகளில் சுரக்கூட்டுகளைத் தெளிப்பது இவர் வேலை. இதை 'காம்ப்பிங்' என்பர். எங்கே வாசிப்பது என்பதைவிட எங்கே வாசிக்காமல் இருப்பது என்பதே இங்கு பெரிய பாடம்.

ஒன்றாக இயங்கும் விதம்

முதலாவது, இடப் பங்கீடு. கீழ்ச்சுரங்கள் பேஸுக்கு, நடுப்பகுதி கிதாருக்கு, மேற்பகுதி பியானோவுக்கு, அதற்கும் மேலே மின்னும் ஓசை சிம்பலுக்கு. கிதாரும் பியானோவும் சுரக்கூட்டு வாசிக்கும் கருவிகள் என்பதால் மோதல் வர வாய்ப்பு உண்டு. அதனால்தான் கிதார் மாறாத அடியையும், பியானோ அவ்வப்போது தெளிப்பையும் எடுத்துக்கொள்கின்றன. இருவரும் ஒரே வேலையைச் செய்தால் குழம்பிப்போகும்.

இரண்டாவது, அமர்விடம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அடி ஏறத்தாழ 0.03 நொடி தாமதித்துத்தான் கேட்கும். நிமிடத்துக்கு 240 அடி வேகத்தில் ஓர் அடியின் நீளமே 0.25 நொடி என்னும்போது இது சிறிய பிழை அல்ல. எனவே நால்வரும் நெருங்கி அமர்கிறார்கள். பேஸ் கலைஞர் பொதுவாக டிரம்ஸின் ஹை-ஹாட் பக்கம் நிற்பார். விரலால் இழுக்கும் பேஸ் சுரமும் சிம்பலில் படும் குச்சியின் ஓசையும் ஒரே கணத்தில் விழுகின்றனவா என்பதே இருவரும் ஓயாமல் கவனிப்பது. மற்ற அனைத்தும் அந்த ஒற்றுமையின் மேல் எழுகின்றன.

மூன்றாவது, பாட்டின் வடிவம். 12 தாள அளவுகள் கொண்ட புளூஸ், 32 தாள அளவுகள் கொண்ட பாட்டு ஆகியவை பரவலான வடிவங்கள். புளூஸ் ஒரு சுற்றுக்கு 48 அடி. சுற்று முடியும் இடம் நால்வருக்கும் மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். தனி வாசிப்பவர் எவ்வளவு தூரம் கற்பனையில் போனாலும் திரும்பி வர வழி காட்டுவது இதுதான்.

நான்காவது, ஊதுகருவிகளுக்கு முன்னறிவிப்பு. 13 பேரும் சேர்ந்து ஒரு வலுவான சுரத்தை ஊதப்போகிறார்கள் என்றால், அதற்குச் சற்று முன்பே டிரம்ஸ் கலைஞர் சிறு உருட்டல் ஒன்றைக் கொடுப்பார். வண்டி திரும்புமுன் கை காட்டுவது போன்றது இது. அந்த உருட்டலைக் கேட்டு அனைவரும் ஒரே நேரத்தில் உள்ளே வருகிறார்கள். அப்போதும் பேஸும் கிதாரும் தம் நான்கு அடிகளை விடுவதில்லை. டிரம்ஸ் ஊதுபவர்களோடு பேசப் போகும்போது வீட்டைக் காப்பவர்கள் அவர்கள் இருவரே.

ஐந்தாவது, ஓசையின் அளவு. உரக்க வாசிக்கும்போது வேகம் கூடுவதும், மெதுவாக வாசிக்கும்போது வேகம் குறைவதும் மனித இயல்பு. கற்றுக்கொள்ளும் குழுக்களில் முதலில் தென்படும் குறை இதுவே. தேர்ந்த தாளப் பிரிவு ஓசையைக் குறைத்தாலும் கூட்டினாலும் வேகம் மாறாது. தனி வாசிப்பு தொடங்கியதும் நால்வரும் தாழ்ந்து இடம் விடுவதும் இதில் அடங்கும்.

கவுண்ட் பேஸியின் நால்வர்

பேஸ் கலைஞர் வால்டர் பேஜ் (1900–1957) ஓக்லஹோமா சிட்டியில் புளூ டெவில்ஸ் என்ற குழுவை நடத்தியவர். வில்லியம் 'கவுண்ட்' பேஸி (1904–1984) 1928இல் அக்குழுவில் பியானோ வாசித்தார். பின்னர் இருவரும் கன்சாஸ் சிட்டியில் பென்னி மோட்டன் குழுவில் இருந்தனர். 1935இல் மோட்டன் இறந்த பிறகு பேஸி அந்நகரின் ரெனோ கிளப்பில் ஒன்பது பேர் கொண்ட குழுவை நடத்தினார். அதன் வானொலி ஒலிபரப்பை சிகாகோவில் தம் காரில் கேட்ட ஜான் ஹாமண்ட் முயற்சி எடுக்க, குழு பெரிதாகி நியூயார்க் சென்றது. டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ் (1911–1985) இருந்தார். 1937இல் கிதார் கலைஞர் ஃப்ரெடி கிரீன் (1911–1987) சேர்ந்தார். இந்நால்வர் 'ஆல் அமெரிக்கன் ரிதம் செக்‌ஷன்' என்று புகழப்பட்டனர்.

ஒவ்வொருவரும் எதையோ விட்டுக்கொடுத்ததால்தான் இது அமைந்தது. ஃபேட்ஸ் வாலரைப்போல் இரு கைகளாலும் நிறைத்து வாசிக்கும் பாணியில் வளர்ந்தவர் பேஸி. பேஜின் பேஸும் கிரீனின் கிதாரும் அடியைத் தாங்கியதால் அவருடைய இடக்கை ஏறக்குறைய ஓய்வு பெற்றது. ஒன்றிரண்டு சுரங்களே அவருடைய முத்திரை ஆயின. ஜோன்ஸ் தாளத்தின் மையத்தைப் பேஸ் டிரம்மிலிருந்து ஹை-ஹாட்டுக்கு நகர்த்தினார். கீழே ஓசை குறைந்ததால் பேஜின் சுரங்கள் தெளிவாகக் கேட்டன. பேஜ் ஏற்கெனவே ஒரு குழுவின் தலைவராக இருந்தும், தம்மிடம் வேலை பார்த்தவரின் குழுவில் அடித்தளமாக நின்றார்.

கிரீன் மின்பெருக்கி இல்லாத கிதாரையே வாசித்தார். கம்பிகளை உயரமாகக் கட்டி, பல வேளைகளில் இரண்டு மூன்று சுரங்களை, சில வேளைகளில் ஒரே சுரத்தை மட்டும் ஒலிக்கவிட்டார். தனி வாசிப்பு செய்தது மிக அரிது. அரங்கில் அவர் வாசிப்பைத் தனியாகப் பிரித்துக் கேட்பது கடினம். குழுவுக்குள் இருந்தவர்கள் அதன் மேல்தான் நின்றார்கள். பெரிய குழுக்களை நடத்துவது கட்டுப்படியாகாமல் போனபோது, 1950இல் பேஸி குழுவைக் கலைத்துச் சிறு குழு அமைத்தார். முதலில் அதில் கிதாருக்கு இடம் இல்லை. விரைவில் கிரீன் திரும்பினார். 1952இல் பெரிய குழு மீண்டும் அமைந்தபோதும் இருந்தார். பேஸி மறைந்த பின்னும் தம் இறுதிக்காலம் வரை அக்குழுவிலேயே இருந்தார். காதில் தனித்துக் கேட்காத ஒருவரின் இடம் ஐம்பது ஆண்டுகள் நிலைத்தது என்பது தாளப் பிரிவின் இயல்பையே விளக்கிவிடுகிறது.

இவர்கள் வாசித்தது நடனம் ஆட வந்தவர்களுக்கு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த பல மாநிலங்களில் தங்குவதற்கு விடுதி கிடைக்காமல் பேருந்தில் இரவுப் பயணம் செய்து, அடுத்த ஊரில் மீண்டும் மேடை ஏறிய கறுப்பினக் கலைஞர்கள் அவர்கள். தாளம் தளர்ந்தால் ஆடுபவர்கள் நின்றுவிடுவார்கள்; ஆடுபவர்கள் நின்றால் அடுத்த ஒப்பந்தம் வராது. நான்கு அடிகளைச் சோர்வின்றிக் கொடுப்பது அவர்களுக்குப் பிழைப்பும் கூட.

பிற்கால மாற்றங்கள்

1940களில் கென்னி கிளார்க் முதலியோர் தொடர் நடையை ஹை-ஹாட்டிலிருந்து ரைடு சிம்பலுக்கு மாற்றினர். எல்லாக் குழுக்களும் கிதாரை வைத்துக்கொள்ளவில்லை. டியூக் எலிங்டன் குழுவில் 1949இல் ஃப்ரெட் கை விலகிய பிறகு அந்த இடம் நிரப்பப்படவில்லை. தாட் ஜோன்ஸும் டிரம்ஸ் கலைஞர் மெல் லூயிஸும் அமைத்த குழு 1966 பிப்ரவரியில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் திங்கள் இரவுகளில் வாசிக்கத் தொடங்கியது. சிறு குழுக்களில் உள்ளதுபோன்ற உரையாடல் அங்கே பிக் பேண்டின் தாளப் பிரிவுக்குள் வந்தது.

கேட்டுப் பழகுவோருக்கு

பேஸி குழு 1937இல் பதிவு செய்த 'ஒன் ஓ கிளாக் ஜம்ப்' நல்ல தொடக்கம். இது 12 தாள அளவு புளூஸ். முதலில் பியானோவும் மற்ற மூவரும் மட்டுமே ஒலிப்பதால் நால்வரையும் பிரித்து அறியலாம். ஒரு முறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் 48 அடி எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை ஹை-ஹாட்டை மட்டும் கவனியுங்கள்.

அடுத்து, நீல் ஹெஃப்டி எழுதி அக்குழு 1957இல் பதிவு செய்த 'லில் டார்லின்'. இது மிக மெதுவான பாட்டு. அடிகளுக்கு இடையே நீண்ட வெளி இருப்பதால் அவசரப்பட எல்லா வாய்ப்பும் உண்டு, ஒருவரும் அவசரப்படுவதில்லை. கிரீனின் கிதாரை இதில் ஓரளவு தெளிவாகக் கேட்கலாம். கேட்டுவிட்டு முதற்பாட்டுக்குத் திரும்பினால், முன்பு காதில் விழாத கிதார் அங்கேயும் இருப்பது தெரியவரும்.