விற்பனை இல்லாத நாள் எங்கே போனது?

ஒரு மளிகைக் கடையின் கணக்கு கணினியில் உள்ளது. ஜூன் மாதத்தில் 27 நாள் விற்பனை. மொத்தம் 54,000 வெள்ளி. நாள் சராசரி என்ன என்று தரவுத்தளத்தைக் கேட்டால் 2,000 வெள்ளி என்கிறது. 30 நாளுக்கு வகுத்தால் 1,800தான். அந்த 200 வெள்ளியை நம்பிக் கூடுதலாக ஓர் ஆளை வேலைக்கு வைத்தால் கடைக்காரரின் கதி என்ன?

கணினியைக் குறை சொல்வதற்கில்லை. விற்பனை நடக்காத 3 நாளுக்கு அட்டவணையில் வரியே கிடையாது. இல்லாததை அது எப்படிக் காட்டும்? ஆகவே மாதத்தின் எல்லாத் தேதிகளையும் வினவல் மூலமே உருவாக்கி, அவற்றோடு விற்பனை அட்டவணையை 'லெஃப்ட் ஜாயின்' முறையில் இணைக்க வேண்டும்.

போஸ்ட்கிரஸில் இதற்கு 'ஜெனரேட் சீரிஸ்' இருக்கிறது. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, ஒரு நாள் இடைவெளி ஆகியவற்றைத் தந்தால் போதும். மைஎஸ்கியூஎல்லில், 2018இல் வெளிவந்த 8.0 பதிப்பிலிருந்து, ஒரு தேதியோடு ஒரு நாளைக் கூட்டிக் கூட்டி அடுத்ததைப் பெறும் 'ரிகர்சிவ்' வினவலை எழுதலாம். எஸ்கியூஎல் சர்வரிலும் இம்முறை உண்டு. ஆனால் தானாக விட்டால் 100 சுற்றோடு நின்றுவிடும். ஓராண்டுத் தேதிகளைக் கேட்பவர் பிழைச் செய்தியைக் கண்டு மிரள வேண்டாம். 'மேக்ஸ்ரிகர்ஷன்' வரம்பை உயர்த்தினால் சரியாகிவிடும்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். விற்பனை அட்டவணைக்குரிய நிபந்தனையை 'வேர்' பகுதியில் எழுதினால், பாடுபட்டுச் சேர்த்த வெற்று நாட்கள் மீண்டும் மறைந்துவிடும். அதை 'ஆன்' பகுதியில் எழுத வேண்டும். வெற்று நாளின் தொகையோ 'நல்' என்று வரும். 'கோலெஸ்' கொண்டு அதைச் சுழியமாக்காவிட்டால் சராசரி மறுபடியும் 2,000 வெள்ளிதான்.