ஏர் பிடித்த கை எய்த வில்

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறிவரும் சாலையோரம் செமாய் மக்கள் மூங்கில் ஊதுகுழல் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆசைக்கு ஒன்று வாங்கி ஊதியும் பார்த்திருப்பீர்கள். அம்பு எங்கோ போய் விழுந்திருக்கும். அதே குழலால் அவர்கள் மரக்கிளையில் இருக்கும் குரங்கை வீழ்த்துகிறார்கள். அம்பு முனையில் ஈப்போ மரத்துப் பாலின் விஷம் இருப்பது உண்மைதான். ஆனால் குறி தவறாமை சிறு வயது முதல் பழகி வருவது.

வில்லும் அப்படியே. நாணை இழுத்து, கை நடுங்காமல் நிறுத்தி, குறி பார்த்து விட வேண்டும். அர்ச்சுனன் ஒரே நாளில் அர்ச்சுனன் ஆகிவிடவில்லை. அப்படியானால், நேற்றுவரை ஏர் பிடித்தவனை இன்று போருக்கு அழைக்கும் அரசன் என்ன செய்வான்? சீனர்கள் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு வழி கண்டுவிட்டார்கள். அதுதான் விசைவில்.

ஒரு மரத்தண்டின் முன்நுனியில் வில்லைக் குறுக்காகக் கட்டியிருக்கும். தண்டின் பின்பக்கம் வெண்கலக் கொக்கி. நாணை இழுத்து அதில் மாட்டிவிட்டால், பாரம் கையை விட்டுக் கொக்கிக்குப் போய்விடும். அம்பைத் தண்டின் பள்ளத்தில் வைத்து, நிதானமாகக் குறி பார்த்து, கீழே உள்ள விசையை விரலால் இழுத்தால் கொக்கி சாயும், அம்பு பாயும். இத்தனைக்கும் உள்ளே இருப்பவை மூன்று நான்கு வெண்கலத் துண்டுகளும் அவற்றைக் கோக்கும் இரண்டு ஆணிகளும்தான். 1974-இல் சியான் நகருக்கு அருகே கிணறு வெட்டிய குடியானவர்கள் கண்டெடுத்த மண் வீரர் படையோடு, இந்த விசைகளும் ஏறத்தாழ 40,000 அம்பு முனைகளும் கிடைத்தன.

கையால் இழுப்பது ஒரு வகை. வில்லைக் காலால் மிதித்துக்கொண்டு நாணை இரு கையாலும் இழுப்பது அதைவிட வலியது. இடுப்புக் கச்சையில் கொக்கி மாட்டி, உடம்பையே பின்னுக்குச் சாய்த்து இழுப்பதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் பெரியது, கட்டில் போன்ற சட்டத்தில் பொருத்தி, பலர் சேர்ந்து உருளை சுற்றி நாணேற்றும் வில். அது ஈட்டியையே எறியும். ஒரு பெட்டியில் பத்து அம்புவரை அடுக்கி, பிடியை முன்னும் பின்னும் ஆட்டி அடுத்தடுத்து எய்யும் வகையும் இருந்தது. வேகம் உண்டு, வலு குறைவு. அதனால் அதன் அம்புக்கும் விஷம் தடவினார்கள், நம் செமாய் வேடர்களைப் போலவே! 1894-95 சீன ஜப்பான் போர்வரை அதைப் பயன்படுத்தினார்கள்.

இந்த வில்லைப் பற்றி சுமா சியென் எழுதிய வரலாற்றில் ஒரு சம்பவம் உண்டு. சுன் பின், பாங் சுவான் இருவரும் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். பொறாமையால் பாங் சுவான் நண்பன்மேல் பழி சுமத்தி, அவன் கால்களை வெட்டச் செய்தான். கி.மு. 341-இல் மாலிங் என்ற இடுக்கான வழியில் பாங் சுவான் படையோடு வந்தான். அங்கே ஒரு மரத்தின் பட்டையைச் செதுக்கி, அவன் சாவு அந்த மரத்தடியில்தான் என்று சுன் பின் எழுதி வைத்திருந்தான். இருபுறமும் 10,000 விசைவில்கள். தீ தெரிந்ததும் எய்யும்படி கட்டளை. இருட்டில் அந்த எழுத்தைப் படிக்கப் பாங் சுவானே பந்தம் கொளுத்தினான்.

நம்மவரிடம் இப்படி ஏதும் இல்லையா என்று கேட்பீர்கள். சிலப்பதிகாரத்தைப் புரட்டுங்கள். அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டை மதிலின் பொறிகளை இளங்கோவடிகள் அடுக்கும்போது, முதலில் வருவது வளைவிற்பொறி. ஆள் நின்று இழுக்காமலே வளைந்து அம்பு விடும் எந்திரம் என்று பழைய உரை சொல்கிறது. கல்லெறியும் கவண், கொதிநெய்க் குழிசி எல்லாம் அதற்குப் பின்னே வருகின்றன. மாடு கன்றுகள் வீடு திரும்பும் மாலை நேரத்தில், அந்த மதிலைக் கடந்துதான் இடைக்குல மாதரி, கண்ணகியைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாள்.