நித்திய கல்யாணி தந்த நன்மருந்து

கோயில் நந்தவனத்திலும், வீட்டு முற்றத்திலும், இடுகாட்டு ஓரத்திலும் ஒன்றுபோலப் பூத்து நிற்கும் செடி நித்திய கல்யாணி. ஆண்டு முழுவதும் மலர்வதால் அதற்கு அப்பெயர். சுடுகாட்டு மல்லி என்றும் சிலர் கூறுவர். ஆடு மாடுகள் வாய் வைக்காத இச்செடியை நம்மில் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், இரத்தப் புற்றுநோயால் வாடும் குழந்தைகளைக் காக்கும் மருந்து இதன் இலையிலிருந்துதான் பிறந்தது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலங்களில் இதைப் பயிரிடும் விவசாயிகளும் உண்டு. ஆகவே, இதன் வரலாற்றை நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்து கொள்வது நலம்.

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

இச்செடியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து வெப்ப நாடுகள் பலவற்றிலும் பரவியது. ஜமைக்கா தீவில் நீரிழிவுக்கு இதன் இலைக் கஷாயத்தைக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1952-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டாக்டர் கிளார்க் நோபிளுக்கு, ஜமைக்காவிலிருந்த அவருடைய நோயாளி ஒருவர் இருபத்தைந்து இலைகளை ஓர் உறையிலிட்டு அனுப்பினார். டாக்டர் அவற்றைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். ராபர்ட், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து வந்தவர்.

இலைச் சாற்றை எலிகளுக்கு வாய் வழியே கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோதோ, சில நாட்களில் எலிகள் நோய்த் தொற்றுக்கு இரையாகி மாண்டன. காரணத்தைத் தேடிய விஞ்ஞானிகள், அவற்றின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டனர். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோயன்றோ இரத்தப் புற்றுநோய்? குறை என்று தோன்றியதையே அவர்கள் குணமாக எண்ணிப் பார்த்தனர். ரசாயன அறிஞர் சார்லஸ் பீருடன் சேர்ந்து, சாற்றிலிருந்த வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து 1958-இல் உலகுக்கு அறிவித்தனர். அதே காலத்தில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலிருந்த எலி லில்லி நிறுவனத்தாரும் இச்செடியை ஆராய்ந்து வந்தனர். அவர்கள் கண்டறிந்த வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது.

சாற்றைப் பிரிப்பது எங்ஙனம்?

சாயத் தொட்டியருகே நின்று பழகிய நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. சாய வேரை நீரிலிட்டுக் காய்ச்சினால் நிறம் இறங்குகிறது. படிகாரம் ஊட்டிய நூலில்தான் அது நிலைத்து நிற்கிறது. எந்தப் பொருள் எதில் கரையும், எதைப் பற்றும் என்னும் அறிவே சாயத் தொழிலுக்கு அடிப்படை. மருந்துத் தொழிலுக்கும் அதுவே அடிப்படை.

நித்திய கல்யாணியில் நூற்றுக்கும் மேற்பட்ட அல்கலாய்டுகள் உள்ளன. இவை காரத் தன்மை கொண்டவை. அமிலம் கலந்த நீரில் உப்பாக மாறிக் கரையும். காரம் சேர்த்தால் நீரை விட்டு நீங்கி வேறொரு கரைப்பானில் சேரும். இவ்வாறு திரட்டிய கலவையை அலுமினாப் பொடி நிரப்பிய குழாயில் ஊற்றி வடித்தால், ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் இறங்கித் தனித்தனியே பிரியும். டன் கணக்கான உலர்ந்த இலையிலிருந்து கிடைப்பது சில கிராம் மருந்தே.

கதிர் நின்றால் நூற்பு நிற்கும்

உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதனுள் நுண்ணிய இழைகள் ராட்டினக் கதிரின் வடிவில் திரண்டு எழுகின்றன. மரபுப் பொருளை இரு கூறாக இழுத்துப் பங்கிடுவது அவ்விழைகளே. இம்மருந்துகள் அவ்விழைகள் உருவாகாதபடி தடுக்கின்றன. கதிர் நின்றால் நூற்பு நிற்பதுபோல், அணுப் பெருக்கமும் நிற்கிறது. முன்பு உயிருக்கே உலை வைத்த குழந்தை இரத்தப் புற்றுநோயில், வசதி மிக்க நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் அளவுக்குப் பிழைக்கின்றனர். வின்கிரிஸ்டினும் பிற மருந்துகளும் கூடிச் செய்த தொண்டு அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மருந்து இச்செடியில் இருக்கிறது என்று கேட்டு, இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடிப்பது பேராபத்து. நோயணுவைத் தடுக்கும் அதே பொருள் எலும்பு மஜ்ஜையையும் நரம்பையும் தாக்க வல்லது. வின்கிரிஸ்டினை மருத்துவர் இரத்தக் குழாயில் மட்டுமே அளந்து செலுத்துவர். தவறித் தண்டுவட நீரில் செலுத்தினால் உயிரே போகும். இலையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதை எந்த அடுப்பும் அளந்து சொல்லாது.

பயிரிடுவோர் கவனத்திற்கு

மானாவாரியில் ஹெக்டேருக்குச் சுமார் இரண்டு டன் உலர் இலையும், முக்கால் டன் வேரும் மகசூலாகக் கொள்ளலாம். வேரிலிருந்து கிடைக்கும் அஜ்மலிசின் இரத்த ஓட்டக் கோளாறுகளுக்குப் பயன்பட்டு வந்தது. வாங்குவோர் எண்ணிக்கை குறைவான இப்பயிரில், இலையை நிழலில் உலர்த்திப் பூஞ்சை படராமல் காப்பதும், விதைக்குமுன் விலையைப் பேசி எழுத்தில் பெறுவதும் இன்றியமையாதவை. தனித்து நிற்கும் விவசாயிக்கு இது அரிது. சங்கமாகச் சேர்ந்தால் எளிது.

மற்றொன்றையும் மறத்தல் ஆகாது. 2022-இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் தலைமையில், இம்மருந்துகளுக்கு மூலமான பொருள்களை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரிலேயே விளைவித்துக் காட்டினர். அன்று கிடைத்த அளவு மிகச் சொற்பமே. ஆயினும், செயற்கை நீலம் வந்தபின் அவுரிப் பயிருக்கு நேர்ந்த கதியை நாம் அறிவோம். ஆகவே, நிலம் முழுவதையும் ஒரே மூலிகைக்கு ஈடாக வைத்தல் தகாது. ஒரு பகுதியில் மூலிகை, மறு பகுதியில் உணவுத் தானியம் என்று பிரித்துக் கொள்வதே விவேகம்.

வேலியோரம் நிற்கும் செடிகளைப் பெயரிட்டு அறிந்து, அளவோடு போற்றிக் கூட்டாக விளைவித்தால் நமக்கும் பலன் உண்டு. எங்கோ படுக்கையில் கிடக்கும் ஒரு குழந்தைக்கும் பலன் உண்டு.