பரணில் ஏறும் பில்கள்

2011 பிப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை. ஜிமெயிலைத் திறந்த சிலருக்கு இன்பாக்ஸ் வெறுமையாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கடிதங்களைக் காணோம். மொத்தப் பயனாளர்களில் 0.02 சதவீதம் பேருக்குத்தான் பாதிப்பு என்றது கூகுள். கடிதம் தொலைத்தவருக்கு அந்தக் கணக்கு என்ன ஆறுதல்? சேமிப்பு மென்பொருளில் புகுந்த ஒரு பிழை, வெவ்வேறு தரவு மையங்களில் இருந்த நகல்களையும் பதம் பார்த்துவிட்டது. கடைசியில் கைகொடுத்தது பழைய காந்த நாடா, அதாவது டேப். எந்தக் கணினியோடும் ஒட்டாமல் தனியே கிடந்ததால் பிழை அதை எட்டவில்லை. மீட்க மணிக்கணக்கில் ஆனது, ஆனால் கடிதங்கள் திரும்பின.

இந்தத் தாமதத்தைத்தான் இன்று கிளவுட் நிறுவனங்கள் மலிவு விலையில் விற்கின்றன. வீட்டில் அஞ்சறைப்பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்; ஆண்டுக்கொரு முறை இறக்கும் பெரிய அண்டா பரணில் கிடக்கும். தரவுக்கும் அப்படி அடுக்குகள் உண்டு. அமேசானின் சாதாரண அடுக்கில் ஒரு ஜிபிக்கு மாதம் 0.023 டாலர் (அமெரிக்க மையங்களின் பட்டியல் விலை, இடத்துக்கு இடம் மாறும்). 2019-ல் வந்த ‘டீப் ஆர்க்கைவ்’ என்னும் அடிமட்ட அடுக்கில் 0.00099 டாலர். ஏறக்குறைய இருபத்து மூன்றில் ஒரு பங்கு! பதிலுக்கு, கேட்ட கோப்பு கைக்கு வர 12 மணி நேரம் வரை பொறுக்க வேண்டும். இன்னும் மலிவாக எடுக்க நினைத்தால் 48 மணி நேரம்.

பரணில் ஏற்றுவது மலிவு; இறக்கும்போதுதான் செலவு. 10 டெராபைட் தரவை அங்கே வைக்க மாதம் 10 டாலர்கூட ஆகாது. மொத்தத்தையும் ஒரே மூச்சில் அலுவலகத்துக்கு இறக்கினால், எடுப்புக் கட்டணமும் இணையம் வழியே வெளியே அனுப்பும் கட்டணமும் சேர்ந்து 1,100 டாலரைத் தொடும். ஒன்பது ஆண்டு வாடகை ஒரே நாளில் போய்விடும். 180 நாளுக்குள் அழித்தாலும் மீதி நாள்களுக்குக் காசு வாங்கிக்கொள்வார்கள்.

சில்லறைக் கோப்புகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 20 கேபி அளவில் 10 லட்சம் பில்கள் உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். எல்லாம் சேர்ந்தாலும் 20 ஜிபிதான். மாத வாடகை இரண்டு சென்ட். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றினால் ஆயிரம் கோப்புக்கு 0.05 டாலர் வீதம் 50 டாலர் போய்விடும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 40 கேபி விவரக் குறிப்பு ஏறும். பில்லைவிடச் சீட்டு பெரிது! மாதவாரியாக மூட்டை கட்டி ஏற்றுவதே புத்திசாலித்தனம். எந்த மூட்டையில் எந்த பில் என்ற பட்டியல் மட்டும் கீழேயே, கைக்கெட்டும் அடுக்கில் இருக்கட்டும்.

எதைப் பரணுக்கு அனுப்பலாம்? பழையதையெல்லாம் என்பதுதான் வழக்கமான பதில். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்கப்போகிறவர் எவ்வளவு அவகாசம் தருவார் என்றுதான் பார்க்க வேண்டும். நம் கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள். நோட்டீஸ் வந்தாலும் பதில் சொல்லப் பொதுவாக நாள்கணக்கில் அவகாசம் கிடைக்கும். 12 மணி நேரம் பெரிதல்ல. ஆனால் ஐந்து ஆண்டுக்கு முந்தைய ஸ்கேன் படத்தை, நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது மருத்துவர் கேட்பார். அது எத்தனை பழையதானாலும் பரணுக்கு ஆகாது.

கிளவுட் வேண்டாம், சொந்த டேப் போதும் என்பவர்களும் உண்டு. தப்பில்லை. 2021-ல் வந்த எல்டிஓ-9 டேப் ஒன்று, சுருக்காமலே 18 டெராபைட் கொள்ளும். பக்குவமாக வைத்தால் 30 ஆண்டு தாங்கும் என்கிறார்கள். டேப் தாங்கும், அதைப் படிக்கும் கருவி? 2012-ல் வந்த எல்டிஓ-6 டேப்பை, ஐந்தே ஆண்டு கழித்து 2017-ல் வந்த எல்டிஓ-8 கருவியால் படிக்க முடியாது. அதனால் பழைய டேப்பைக் கட்டிக் காப்பவர்கள், பழைய கருவி ஒன்றையும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள்.