எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

2020 ஏப்ரல் தொடக்கத்தில், சாயங்காலம் ஆனால் வீடே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். இன்றைக்கு எத்தனை பேருக்குக் கொரோனா என்ற எண் வரும். கூடவே இன்னொரு எண்ணும் வந்தது: இவர்களில் டெல்லி மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள் இத்தனை பேர். இரண்டும் உண்மையான எண்கள்தாம். ஆனால் டெல்லி நிஜாமுதீன் மர்கஸில் நடந்த அந்த மாநாட்டுக்கு, அதாவது தப்லீக் என்ற முஸ்லிம் அமைப்பின் கூட்டத்துக்குச் சென்றவர்களைத் தேடித் தேடிப் பரிசோதித்தார்கள். தேடிய இடத்தில் தொற்று அதிகம் தெரிந்தது. மற்றவர்களில் எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்பதைப் பல செய்திகள் சொல்லவே இல்லை. கேட்டவர் மனதில் நோய்க்கு ஒரு மதம் ஒட்டிக்கொண்டது. தமிழக சுகாதாரத் துறை சில நாட்களிலேயே மாநாட்டின் பெயரை விட்டுவிட்டு, ஒரே மூலத்திலிருந்து பரவிய தொற்று என்று பொதுவாகக் குறிப்பிடத் தொடங்கியது. அதற்குள் நம் தெருக்களில் பாய் கடையை ஒதுக்கி நடந்தவர்கள் இருந்தார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அந்தக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர் 29 பேர் மீதான வழக்கை ரத்து செய்தது. ஊடகங்களில் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் நடந்ததையும் தீர்ப்பிலேயே பதிவு செய்தது. டெல்லியில் இந்தியர் 70 பேர் மீதான 16 வழக்குகள் ரத்தாக 2025 ஜூலை வரை ஆனது. குற்றச்சாட்டைப் பார்த்த நம்மில் எத்தனை பேர் இந்தத் தீர்ப்புகளைப் பார்த்திருப்போம்?

பொய்ச் செய்தி என்றைக்காவது பிடிபடும். உண்மைகளை அடுக்கும் விதத்தில் இருக்கும் சாய்வுதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது. அதைப் பிடிக்கச் செய்தியில் வரும் சொற்களைக் கவனிக்க வேண்டும். ஒரு கும்பல் ஊருக்குள் புகுந்து அடித்துவிட்டுப் போயிருக்கும். தலைப்போ ‘இரு தரப்பினரிடையே மோதல்’. கொலையானவள் பெண் என்றால் ‘கள்ளக்காதல் விவகாரம்’ என்று அவளுக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ‘விசாரணையில் தெரியவந்தது’ என்று ஒரு வரி தினமும் வருகிறது. யாருடைய விசாரணை? போலீஸ் சொன்னது மட்டும்தான் பெரும்பாலும் அதில் இருக்கும். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து நீதிமன்றம் குற்றம் நிரூபணமானதாக ஏற்காது. பேப்பரிலோ அதுதான் ‘பரபரப்பு வாக்குமூலம்’. கைதானவரின் வீட்டாரிடமோ வக்கீலிடமோ யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று தேடிப்பாருங்கள். குற்றம் செய்தவரின் சாதியோ மதமோ சொந்த ஊரோ தலைப்பில் இருந்தால், அந்த இடத்தில் உங்கள் சாதியையோ ஊரையோ வைத்து வாசியுங்கள். உறுத்தினால், மற்றவருக்கும் அப்படித்தான் உறுத்தியிருக்கும்.

நமக்குப் பிடித்த சேனலின் செய்தியில்தான் இந்தச் சோதனையை முதலில் செய்ய வேண்டும். அங்கேதான் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

புகார் செய்ய வழி உண்டு. பத்திரிகை என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பதிலில் திருப்தி இல்லையென்றால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் போகலாம். நாளிதழ், வார இதழுக்கு, செய்தி வந்ததிலிருந்து 2 மாதக் கெடு. கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட அதற்கு அதிகாரம் இல்லை. இது பெரிய குறைதான். ஆனாலும் எழுத்தில் வந்த கண்டனத்தை எந்த ஆசிரியரும் விரும்புவதில்லை.

டிவிக்குத் தனி அமைப்பு இருக்கிறது, அதில் உறுப்பினரான சேனல்களுக்கு மட்டும். தப்லீக் விஷயத்திலேயே பெங்களூரில் ஒரு குடிமக்கள் குழு புகார் கொடுத்தது. 2021 ஜூனில் ஒரு கன்னடச் செய்தி சேனலுக்கு 1 லட்சம் ரூபாய், இன்னொன்றுக்கு 50,000 ரூபாய் என்று அந்த அமைப்பு அபராதம் விதித்தது. முதல் சேனல் திரையிலேயே வருத்தமும் தெரிவிக்க வேண்டியிருந்தது.

ஆனால் அங்கே கெடு குறைவு. நிகழ்ச்சி ஒளிபரப்பான 7 நாளுக்குள் சேனலுக்குப் புகார் போய்ச் சேர வேண்டும். அதனால் கோபம் வந்த அன்றே தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர், உறுத்திய வாக்கியம் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துவிடுங்கள். பேப்பர் என்றால் பக்கத்தை வெட்டி வையுங்கள். வெப்சைட் என்றால், தலைப்பை அவர்கள் மாற்றுவதற்குள் ஒரு ஸ்கிரீன்ஷாட்.