வானிலிருந்து நீரின் நிறம் காணல்

நீரின் நிறத்தைக் கண்டு அதன் இயல்பை அறிவது உழவரும் மீனவரும் தொன்றுதொட்டுக் கையாண்டுவரும் முறையாகும். ஆறு கலங்கி வந்தால் மேற்கே மழை என்பர். குளம் பச்சை பூத்தால் பாசி மிகுந்தது என்பர். கரையில் நின்று கண் செய்த இவ்வேலையை இன்று பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களும் செய்கின்றன. இதனைத் தொலையுணர்தல் என்பர். மக்களின் குடிநீரோடு தொடர்புடையதாதலின், இதன் பயன் யாது, எல்லை யாது எனக் காண்போம்.

நிறம் தரும் செய்தி

கதிரவன் ஒளி நீரினுள் புகுந்ததும் அதன் சிவப்புப் பகுதியை நீர் விரைவில் உறிஞ்சிவிடுகிறது. நீலப் பகுதி சிதறி மேலே திரும்புகிறது. ஆகவே தெளிந்த ஆழ்கடல் நீலமாகத் தோன்றுகிறது. வண்டல் கலந்த நீர் பழுப்பாகத் தோன்றும். பாசியிலுள்ள பச்சையமோ நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிப் பச்சையைத் திருப்பி விடுகிறது. நஞ்சு சுரக்கவல்ல வகைகள் அடங்கிய நீலப்பச்சைப் பாசியில் வேறொரு நிறப்பொருளும் உண்டு. அது 620 நானோமீட்டர் அலைநீளத்தை அடுத்த ஒளியை உறிஞ்சும். அவ்வொளி குறைந்திருப்பதைக் கொண்டே கருவி அப்பாசியை அடையாளம் காண்கிறது.

நீரின் நிறத்தை அளப்பதற்கென அமைந்த முதற் கருவி 1978இல் நிம்பஸ்-7 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோளில் ஏவப்பட்டு, 1986 வரை பணியாற்றியது. 2016இலும் 2018இலும் ஐரோப்பியர் ஏவிய சென்டினல்-3 கோள்களின் கருவியோ ஒளியை 21 பிரிவுகளாகப் பகுத்து அளக்கவல்லது.

டொலிடோ நகரின் பட்டறிவு

அமெரிக்காவில் ஈரி ஏரியின் மேற்குக் கோடியில் டொலிடோ நகரம் உள்ளது. அங்கு வந்து கலக்கும் மௌமி ஆறு, வயல்களில் இட்ட உரத்தின் பாஸ்பரசையும் உடன் கொண்டுவருகிறது. ஆழங்குறைந்த நீரில் கோடை வெப்பமும் சேரப் பாசி பெருகுகிறது. 2014 ஆகஸ்டு 2ஆம் நாள், நகரின் சுத்திகரித்த நீரிலேயே மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சு, லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற வரம்பைக் கடந்திருப்பது தெரியவந்தது. குழாய்நீரைக் குடிக்கவும் காய்ச்சவும் கூடாதென அறிவித்தனர். காய்ச்சினால் இந்நஞ்சு அழியாது. நீர் ஆவியாக, நஞ்சின் செறிவே மிகும். 4ஆம் நாள் தடை நீங்கும்வரை 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குடிநீருக்கு அல்லலுற்றனர்.

அந்நாள்களில் வானிலிருந்து எடுத்த படங்களில் ஏரியின் மேற்குப் பகுதி பச்சையாகக் காணப்பட்டது. ஆனால் நஞ்சைக் கண்டறிந்தது ஆய்வுக்கூடமே. ஏனெனில், நஞ்சுக்கு நிறமில்லை. படம் காட்டுவது பாசியை மட்டுமே. பலத்த காற்று வீசினால் பாசி கீழிறங்கிக் கலந்து, படத்தில் குறைந்ததுபோல் தோன்றும். மேகம் மறைத்தால் படமே இல்லை. எனினும் பாசி எங்குள்ளது, காற்றும் நீரோட்டமும் அதனை எப்பக்கம் தள்ளும் என்று முன்னறிவிப்பதற்குப் படம் பெருந்துணையாகும். அவ்வறிவிப்பைக் கொண்டு, நீர் நிலையத்தார் முன்கூட்டியே சோதனையையும் சுத்திகரிப்பையும் மிகுதிப்படுத்தலாம்.

கடலோரத்தில் உள்ள இடர்

கடலோர நீரில் இவ்வேலை இன்னும் கடினம். ஆற்று வண்டலும் பாசியும் ஒன்றாய்க் கலந்திருப்பதால், ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள நேரிடும். ஜொகூர் நீரிணையில் 2014இலும் 2015இலும் பாசிப்பெருக்கால் சிங்கப்பூர்ப் பண்ணைகளின் மீன்கள் பெருமளவில் மடிந்தன. இத்தகைய ஒடுங்கிய நீர்ப்பரப்புக்குச் சென்டினல்-3 படம் போதாது. அதில் ஒரு புள்ளி 300 மீட்டர் அளவினது. கரையின் ஒளியும் அப்புள்ளியில் கலந்துவிடும். சென்டினல்-2 படத்தின் புள்ளி 10 மீட்டர் அளவே; ஆயின் அதன் நிறப் பிரிவுகள் 13 மட்டுமே. மேலும், மேகம் மிகுந்த நம் வானில் தெளிந்த படம் கிடைக்கும் நாள்களும் குறைவு.

எனவே செயற்கைக்கோள் வந்ததனால் படகும் மாதிரிப் புட்டியும் தேவையற்றுப் போகவில்லை. 1865இல் செக்கி என்னும் இத்தாலிய வானியலறிஞர், வெண்ணிறத் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்து தெளிவைக் கணித்தார். வானிலிருந்து பெறும் கணக்கைச் சரிபார்க்க அத்தட்டு இன்றும் பயன்படுகிறது. எங்கே, எப்பொழுது நீரை மொள்ள வேண்டும் என்பதை வானம் காட்டும். அந்நீர் குடிக்கத் தக்கதா என்பதை மொண்டு பார்த்தே அறிதல் வேண்டும்.